விராலிமலைத் தட்டுக்கு நான் போட்ட உறை

கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். யார் மேல் கோபம் என்று கேட்டால் வரிசையாக நாலைந்து பேர் நிற்கிறார்கள். வரிசையில் முதல் ஆளாக, கையில் பிரஷ்ஷும் முகத்தில் அசட்டுச் சிரிப்புமாக நிற்கிறவன் நான்தான். அவனை முதலில் உதைக்க வேண்டும். மற்றவர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நாற்பத்தெட்டில் புதுக்கோட்டை சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்தது. ராஜா காலத்து நிலப்படங்கள் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து கிடந்தன. அவற்றைப் பார்த்துப் புதிதாக நகல் எடுக்க ஆட்களைச் சேர்த்தபோது நானும் சர்வே ஆபீசுக்குள் நுழைந்தேன். படம் போடுகிற உத்தியோகம் என்று கேள்விப்பட்டு, மாப்பிள்ளை ஏதோ கலைஞன் என்று நம்பி என் மாமனார் பெண்ணைக் கொடுத்துவிட்டார். நான் போட்ட படமெல்லாம் அடுத்தவன் வயலின் வரப்பு. பழைய படத்தின் மேல் மெல்லிய துணியை விரித்து, அடியில் தெரிகிற கோட்டை மேலே மையால் இழுக்க வேண்டும். இழுத்தேன். பதினாறு வருஷம் இழுத்தேன்.

சேர்ந்த புதிதில் கீரமங்கலம் பக்கத்துப் படம் ஒன்று என் மேஜைக்கு வந்தது. அதன் மூலையில் பெருக்கல் குறி மாதிரி ஏதோ இருந்தது. எவனோ பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்திருக்கிறான் என்று நினைத்து அதை விட்டுவிட்டேன். அது எல்லைக்கல்லின் குறி. அந்த நிலத்துக்காரர்கள், அண்ணன் தம்பி இரண்டு பேர், அரிவாளோடு ஆபீஸ் வாசலுக்கு வந்த பிறகுதான் எனக்கு அது தெரிந்தது. அவர்கள் போகிற வரைக்கும் அலமாரிக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு எங்கள் ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து, ஆபீசே கேட்கும்படி கத்தினார்.

"ஒனக்குப் புரியலைன்னா விட்டுடுவியா? போட்டவனுக்குப் புரிஞ்சுதானய்யா போட்டிருப்பான்? தாள்ல என்ன இருக்கோ அம்புட்டையும் போடு. யோசிக்கிறதுக்கு ஒனக்குச் சம்பளம் இல்லை."

அன்றோடு யோசிப்பதை நிறுத்தினேன். தாளில் உள்ளதை எல்லாம் போட்டேன். அதில் எனக்கு நல்ல பேரும் கிடைத்தது. அந்த நல்ல பேர்தான் என்னைக் கெடுத்தது. அதைச் சொல்லத்தான் வருகிறேன்.

கீழ ராஜ வீதியில் மைக் செட் வாடகைக்கு விடுகிற ராவுத்தர் ஒருவர் இருந்தார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் குழாய் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அவர் எனக்கு மாமா, நான் அவருக்கு மாப்ளே. ரத்த சொந்தம் கிடையாது, ஊர் வழக்கம். ஆபீஸ் விட்டதும் அவர் கடை பெஞ்சில் போய் உட்காருவேன். அந்தக் காலத்தில் ரெக்கார்டு, அதாவது பாட்டுத் தட்டு என்றால் காக்கிக் காகித உறையில்தான் வரும். நடுவில் ஓட்டை, அந்த ஓட்டை வழியாகப் பாட்டின் பெயர் தெரியும். உறையில் படம் போடுவார்கள் என்பதே எங்களுக்குத் தெரியாது. பினாங்கில் கடை வைத்திருந்த ராவுத்தரின் மச்சான் ஒருவர், ஊரோடு இருந்துவிடலாம் என்று கப்பலேறி வந்தபோது, டிரங்குப் பெட்டி நிறையப் பழைய ரெக்கார்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாம் அட்டை உறை. எல்லாவற்றிலும் படம்.

முதலில் என் கைக்கு வந்தது முழுக்க வெள்ளையாக இருந்தது. ஓரத்தில் நாற்காலி, அதன் மேல் வயலின், உச்சியில் இரண்டு வரி எழுத்து. மற்ற இடத்தை எல்லாம் சும்மா விட்டிருந்தான். எங்கள் ஆபீசில் அவ்வளவு இடம் சும்மா கிடந்தால் புறம்போக்கு என்று எழுதிவிடுவோம்.

"மாமா, இதைப் போட்டவனுக்குச் சம்பளம் குடுப்பாங்களா?"

"குடுக்காம? நீங்க வரப்புப் போடுறதுக்கே குடுக்குறாங்களே, மாப்ளே."

அந்தப் பேச்சு என்னைச் சுட்டது. முப்பத்தாறு வயதில் ஒருவனுக்கு ரோஷம் வந்தால் அது சளி மாதிரி, சீக்கிரம் போகாது. இந்த வேலையை நான் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று முடிவு செய்தேன். சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை, எனக்குத் தெரிந்த ஒரே வழி நகல் எடுப்பது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ராவுத்தரிடம் ஓர் உறையை இரவல் வாங்கிவந்து, கட்டம் கட்டி, அளந்து, அதே மாதிரி இன்னொன்று செய்வேன். ஜவுளிக்கடைச் சேலைப் பெட்டிதான் அட்டை. மைதாவைக் காய்ச்சிப் பசை.

"அடுப்புல பசை கொதிக்குது. கொழம்பை எங்கிட்டு வைக்கிறது? ஒங்க தலையிலயா?" என்பாள் என் மனைவி.

"கொஞ்சம் பொறு. இது படிப்பு."

"யாரு அந்தப் பொம்பள?"

"எந்தப் பொம்பள?"

"அட்டையில கையில்லாத சட்டை போட்டுக்கிட்டு நிக்கிறாளே, அவதான். இதுவும் படிப்பா?"

படிப்புத்தான். ஒன்றுமே கற்கவில்லை என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன். ஓர் உறையை வெந்நீர் ஆவியில் காட்டிப் பிரித்துப் பார்த்தேன். ராவுத்தர் என்னை அடிக்காததுதான் குறை. முன்பக்கத் தாள் மூன்று பக்கமும் மடங்கிப் பின்னால் போய் ஒட்டிக்கொள்வதும், அந்த மடிப்பை மறைக்கத்தான் பின்பக்கத் தாளை அரை விரல் குறைத்து வெட்டுகிறார்கள் என்பதும் அப்படித்தான் தெரிந்தது. கடையில் ரெக்கார்டுகளை அடுக்கி வைத்தால் உறையின் உச்சிதான் கண்ணில் படும், அதனால் தலைப்பை அங்கேயே எழுதுகிறான் என்பதை நானாகவே கண்டுபிடித்தேன். அதைக் கண்டுபிடித்த அன்று சந்தோஷத்தில் மனைவிக்கு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு போனேன். அவள் சந்தேகமாகத்தான் வாங்கிக்கொண்டாள்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். எல்லா உறையிலும் ஒரு வட்டம் இருந்தது. விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளி, மங்கலான வெள்ளை வட்டம். அங்கங்கே அழுத்தமாக, அங்கங்கே விட்டு விட்டு. வயலின் படத்திலும் இருந்தது, கையில்லாத சட்டைக்காரியின் மேலும் இருந்தது. வேறு வேறு கம்பெனி, வேறு வேறு தேசம், ஆனால் அதே வட்டம், அதே இடம். ஊர் ஊராக வரும் படங்களில் ஒரே குறி இருந்தால் அது அரசாங்கம் வகுத்த குறி என்பது சர்வே பாடம். உள்ளே இருப்பது வட்டத் தட்டு என்று காட்டுகிற முத்திரையாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். புரியாவிட்டால் என்ன? போட்டவனுக்குப் புரிந்திருக்கும்!

அதைப் போடுவது லேசான காரியம் இல்லை. காம்பஸில் கோடு இழுத்தால் வண்டிச் சக்கரம் மாதிரி விறைப்பாக இருந்தது. வெள்ளையைக் குழைத்து, பிரஷ்ஷைத் துணியில் துடைத்து, ஈரம் போன பிறகு மேலாகத் தடவினால்தான் அந்த மங்கல் வரும். அது கைக்கு வர எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. ராவுத்தர் அசலையும் நகலையும் வெளிச்சத்தில் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மாப்ளே, எது என்னதுன்னு நீங்களே சொல்லிப்புடுங்க" என்றார். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

இப்படி ஒன்றரை வருஷம் போனது. பிறகு ஒருநாள் ராவுத்தர் திருச்சியிலிருந்து ஒரு சேதியோடு வந்தார். அவர் ஊசியும் ரெக்கார்டும் வாங்குகிற கடையின் முதலாளி, ஒரு மெட்ராஸ் கம்பெனிக்கு ஏஜெண்டாம். விராலிமலை முருகன் மேல் காவடிப் பாட்டு நாலு, சின்னத் தட்டாக வரப்போகிறதாம். படம் போட்ட உறையாக இருந்தால் தைப்பூசத்தில் விற்குமே என்று ஏஜெண்ட் சொல்ல, எங்க ஊரில் ஒரு ஆள் இருக்கிறார் என்று ராவுத்தர் சொல்லிவிட்டார். இந்தத் தட்டுக்கு ஓர் உறை போட்டு, பழகிப் பார்த்ததில் இரண்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு அந்த ஆள் வரட்டும், பிடித்திருந்தால் கையோடு மெட்ராசுக்கு அனுப்புகிறேன், கம்பெனிக்குப் படம் போட நிரந்தரமாக ஆள் வேண்டியிருக்கிறது என்றாராம் ஏஜெண்ட்.

நிரந்தரமாக! அந்தச் சொல்லைக் கேட்டதும் பென்சிலைச் சீவ ஆரம்பித்துவிட்டேன்.

விராலிமலைக்குப் போய்ப் பார்த்தேன். மலை என்றால் முழுப் பாறை. அதன் மேல் படிக்கட்டு கோணலாக ஏறுகிறது. மயிலுக்குப் பேர் போன ஊர் என்பதால் பென்சிலோடு அரை நாள் காத்திருந்தேன். வந்த மயில் ஒவ்வொன்றும் என்னிடம் பின்பக்கத்தைத்தான் காட்டியது. சரி போ என்று பின்பக்கத்தையே வரைந்தேன். கறுத்த பாறை, அதில் ஒற்றைக் கோடாக வெள்ளைப் படிக்கட்டு, அடியில் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்த்து நிற்கிற மயில். முருகன் இல்லை, வேலும் இல்லை. மேலே கால்வாசி இடம் வானம், சும்மா. இன்றைக்கும் சொல்கிறேன், அது நல்ல படம். என் வாழ்க்கையில் நகல் எடுக்காமல் நான் போட்ட முதல் படம். அதன் மேல், ஒழுங்காக அளந்து, அந்த மங்கல் வட்டத்தையும் போட்டேன்.

திருச்சிக்குப் போக லீவு கேட்டேன். விஷயம் ஆபீஸ் முழுக்கத் தெரிந்திருந்தது, நான்தான் சொல்லியிருந்தேன்.

"என்னய்யா, பிளேட்டுக்குச் சட்டை தைக்கப் போறியாமே?" என்றார் ஹெட் டிராஃப்ட்ஸ்மேன். நாலு பேர் சிரித்தார்கள்.

"சிரிங்க. பத்து நாள் கழிச்சு இந்த வரப்பையும் வாய்க்காலையும் நீங்களே போட்டுக்கிடுவீங்க. நான் மெட்ராசுக்குப் போறேன்."

பதினாறு வருஷத்தில் அவரை நான் எதிர்த்துப் பேசியது அன்றுதான். சொல்லிவிட்டு நிமிர்ந்த நடையாக வெளியே வந்து, யாரும் பார்க்காத இடம் வந்ததும் ஓட்டம் பிடித்தேன்.

திருச்சிக் கடையில் ஏஜெண்ட் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர், பொறுமைசாலி. பொறுமைசாலி என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கத்துகிறவராக இருந்திருந்தால் அவர் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். விராலிமலைப் படத்தைக் கையில் வாங்கி, தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"படிக்கட்டு பிரமாதம் சார். மயிலைத் திருப்பி நிக்க வச்சீங்களே, அதுதான் யோசனை. நாமளும் அதோட நின்னு மலையைப் பாக்குறாப்ல இருக்கு." பிறகு விரலை வட்டத்தின் மேல் வைத்தார். "இது என்ன சார்?"

அந்தக் கேள்வி எனக்குப் புரியவில்லை. ரெக்கார்டு விற்கிற மனிதருக்கு இது தெரியாதா? ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று தெரிந்தது. உடனே என் நாக்கு என்னைக் கேட்காமல் ஓட ஆரம்பித்தது.

"அது... ஒளிவட்டம் சார்."

"ஒளிவட்டம் சாமி தலைக்குப் பின்னாடில்ல இருக்கும்? இது மயிலோட முதுகை வெட்டிக்கிட்டுப் போகுதே."

"மலையைச் சுத்திவர்ற பாதைன்னும் வச்சுக்கலாம் சார். கிரிவலம்."

"ஓ," என்றார். நம்பிவிட்டார் என்று நினைத்தேன். அவர் மெதுவாக என் மற்ற உறைகளை எடுத்தார். நாற்காலியும் வயலினும். அதிலும் வட்டம். கையில்லாத சட்டைக்காரி. அவள் மேலும் வட்டம்.

"இந்த அம்மாவைச் சுத்தியும் கிரிவலமா, சார்?"

பின்னால் பெட்டி கட்டிக்கொண்டிருந்த ஆள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினான். ஏஜெண்ட் சிரிக்கவில்லை. எழுந்துபோய் இரண்டு உறைகளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். இரண்டும் ஒரே ரெக்கார்டின் உறைகள். ஒன்று பழசு, அதில் என் வட்டம் இருந்தது. மற்றது அன்றைக்குத்தான் கட்டுப் பிரித்தது. பளபளவென்று, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய குழந்தை மாதிரி இருந்தது. அதில் வட்டம் இல்லை.

"உள்ள இருக்கிற பிளேட்டோட விளிம்பு உரசி உரசி வர்ற தேய்மானம் சார் இது. ரெக்கார்டுகளை அடுக்கி வச்சா வரும். பொட்டியில போட்டு இறுக்கினா இன்னும் சீக்கிரம் வரும்."

பினாங்கிலிருந்து டிரங்குப் பெட்டியில், கடல் முழுக்க ஆடி ஆடி வந்த ரெக்கார்டுகள்! என் வாழ்நாளில் படம் போட்ட புதிய உறை ஒன்றைக்கூட நான் பார்த்தது இல்லை. இரண்டு மாதம் மெனக்கெட்டு, வெள்ளையைக் குழைத்து, துடைத்து, உலர்த்தி நான் கைதேர்ந்தது எதில்? தேய்மானத்தில். சட்டை தைக்கக் கற்றுக்கொள்ளப் போனவன் கிழிசலையும் சேர்த்துத் தைத்துக்கொண்டு வந்து நிற்கிறேன்.

இதுவரைக்கும் நடந்ததை மன்னித்துவிடலாம். இதற்கு மேல் நடந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த மனிதர் சொன்னார்: "அதனால ஒண்ணும் இல்ல சார். படம் எனக்குப் புடிச்சிருக்கு. அந்த வட்டத்தை மட்டும் அழிச்சுக் குடுத்துடுங்க. நாளைக்கு மெட்ராசுக்கு ஆள் போகுது, குடுத்துவிட்டுடறேன். இங்கனையே உக்காந்து அழிக்கிறதுன்னாலும் சரி, பிரஷ் வாங்கிட்டு வரச் சொல்றேன்."

புரிகிறதா? வேலை கிடைத்துவிட்டது. வரப்பு முடிந்தது, வாய்க்கால் முடிந்தது. பாறைக் கறுப்பில் கொஞ்சம், வானத்து நீலத்தில் கொஞ்சம் எடுத்துத் தடவினால் கால் மணி நேர வேலை. ஆனால் ஒளிவட்டம் என்று சொன்ன வாய், கிரிவலம் என்று சொன்ன வாய், அதை எப்படி அழிக்கச் சம்மதிக்கும்? உள்ளே அந்தப் பெட்டி கட்டுகிறவன் சிரிப்பது காதில் விழுந்துகொண்டே இருந்தது. காது இரண்டும் கொதித்தன.

"அதை எடுத்துட்டா இந்தப் படம் நிக்காது சார்," என்றேன்.

"சார், அது தேய்மானம்."

"தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன். பழைய பாட்டு, பழைய மலை. தேஞ்ச மாதிரி இருந்தாத்தான் அழகு."

"வாங்குறவன் பழைய சரக்குன்னு திருப்பிக் குடுத்துடுவானே, சார். யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தான் போட்டது."

யோசித்தேனாம், நான்! ஏஜெண்ட் எல்லா உறைகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, நூல் போட்டுக் கட்டி, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். "காப்பி சாப்பிட்டுப் போங்க," என்றார். அந்தக் காப்பியையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன். அதை நினைத்தால் இன்னும் நாக்கு கசக்கிறது.

ஊருக்கு வந்ததும் ராவுத்தர் மேல் பாய்ந்தேன்.

"வட்டம் தேய்மானம்னு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாம என்ன? அது எல்லாத்துலயும் வர்றதுதானே?"

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீங்க காம்பஸ் வச்சு அளந்துல்ல போட்டீக! நான் கண்டேனா, அதுவும் சேத்துத்தான் படிப்பு போலன்னு இருந்தேன். எம் பொழப்பு குழாய் கட்டுறது, மாப்ளே."

ஒரு வாரம் அவர் கடைப் பக்கம் போகாமல் இருந்தேன். ஆபீசுக்குப் போகாமல் இருக்க முடியுமா? திருச்சியிலிருந்து வந்த மறுநாள் காலையிலேயே ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்து, "என்ன, மெட்ராஸ் ரயிலை விட்டுட்டியா?" என்றார். ஆவூர்ப் பக்கத்துப் படம் ஒன்றை என் மேஜையில் போட்டார். உட்கார்ந்து இழுத்தேன். வீட்டில் மனைவியிடம், அந்த ஆளுக்கு ரசனை போதாது என்று சொல்லிவைத்தேன்.

தைப்பூசத்துக்கு முன்னால் அந்தத் தட்டு வந்தது. ராவுத்தர் ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார். போனேன். கம்பெனி எல்லாத் தட்டுக்கும் போடுகிற பொது உறை. காக்கிக் காகிதம், நடுவில் ஓட்டை. வேறு யார் படமாவது இருந்திருந்தால் அதைத் திட்டியாவது பொழுதை ஓட்டியிருப்பேன். என் இடத்துக்கு யாரையுமே அவர்கள் தேடவில்லை. ராவுத்தர் ஊசியை வைத்தார். பாட்டு நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததுதான் பொறுக்கவில்லை. மூன்றாவது பாட்டு முடியும் முன்பே எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒளிவட்டம், கிரிவலம், காப்பி, ஒன்றையும் விடவில்லை. அவள் கடலை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"தெரியாமப் போட்டுட்டேங்க, இந்தா அழிச்சுத் தாரேன்னு சொன்னா என்ன, நாக்கா அழுகிப்போயிரும்?" என்றாள்.

எழுந்து கொல்லைக்குப் போனேன். கிணற்றடியில் யாரும் இல்லை. தெரியாமப் போட்டுட்டேங்க, இந்தா அழிச்சுத் தாரேன் என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஒரே மூச்சில் வந்தது. தடங்கலே இல்லை. இன்னொரு தடவை சொன்னேன், இன்னும் நன்றாக வந்தது, கொஞ்சம் பணிவாகக்கூட இருந்தது. இவ்வளவு லேசாக வரக்கூடிய வார்த்தைதானா என்று எனக்கு மண்டைக்குள் வெடித்தது. பக்கத்திலிருந்த பித்தளைச் சொம்பைத் தூக்கிக் கிணற்றுக்குள் ஓங்கி எறிந்தேன்.

அது அவள் பிறந்த வீட்டுச் சொம்பு. விழுந்த சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். அது முழுகிய பிறகுதான் எனக்கு அவள் முகம் ஞாபகம் வந்தது. சத்தம் போடாமல் கொல்லைக் கதவு வழியாக நழுவிப் பக்கத்து வீட்டுக்குப் போய், கிணற்றில் விழுந்ததை எடுக்கிற பாதாளக் கரண்டியைக் கேட்டேன். அந்த வீட்டு அம்மா கரண்டியை எடுத்துக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க அது, அம்புட்டுச் சத்தம்? யாரு என்னத்தைப் போட்டது?"

"யாரும் போடலைங்க," என்றேன். "பூனை தட்டிவிட்டுருச்சு."